பனியுகத்தில் கடல் எவ்வளவு குளிர்ந்தது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிங்கப்பூரில் ஒரு கட்டடமோ சுரங்கப்பாதையோ வருவதற்கு முன் நிலத்தைத் துளையிட்டு மண் எடுத்துப் பார்ப்பார்கள். அந்த மண்ணைச் சோதிக்கும் கூடத்தில் இருபத்தாறு ஆண்டுகள் வேலை பார்த்தவன் நான். ஓய்வு பெற்ற பிறகு சமூக மன்றங்களிலும் நூலக வாசகர் வட்டங்களிலும் அந்த மண்ணைப் பற்றித் தமிழில் பேசி வருகிறேன். பேச்சு எப்படியோ பனியுகத்துக்கும் கடலுக்கும் போய்விடும். பிறகு எழும் சந்தேகங்கள் ஈசூனிலும் ஒன்றுதான், தெம்பனிஸிலும் ஒன்றுதான். கேட்டவர்கள் கேட்டபடியே அவற்றை இங்கே எழுதியிருக்கிறேன். வரிசையாகப் படிப்பது நல்லது; பின்னால் வரும் பதில்கள் முன்னால் சொன்னவற்றின் மேல் நிற்கின்றன.

அங்கிள், பனியுகத்தில் சிங்கப்பூரில் பனி பெய்ததா?

இல்லை. பள்ளிப் பிள்ளைகள் ஏமாந்து போகும் பதில் இது. வெப்பமண்டலத்துத் தாழ்நிலம் இன்றைக்கு இருப்பதைவிடச் சில டிகிரி குளிர்ந்தது, அவ்வளவுதான். வடகிழக்குப் பருவக்காற்று அடிக்கும் சில ஜனவரி நாள்களில் இங்கே வெப்பம் 22 டிகிரியை ஒட்டி இறங்கும்போது எல்லோரும் ஜன்னலைச் சாத்துகிறோம் அல்லவா? அப்படிப்பட்ட நாள்கள் அன்று சாதாரணமாக இருந்திருக்கும். பனியைப் பார்க்க வேண்டுமென்றால் போர்னியோவின் கினபாலு மலைக்குப் போயிருக்க வேண்டும். 4,095 மீட்டர் உயரமுள்ள அதன் உச்சியில் அன்று பனிக்கட்டி மூடியிருந்தது. பனி தேய்த்து வழவழப்பாக்கிய பாறைகள் இன்றும் அங்கே இருக்கின்றன.

பனியுகம் எப்போது வந்தது, எப்போது முடிந்தது?

கறாராகச் சொன்னால் இன்னும் முடியவில்லை. சுமார் 26 லட்சம் ஆண்டுகளாகப் பூமி குளிரும் இதமுமாக மாறி மாறிப் போய்க்கொண்டிருக்கிறது. நாம் இருப்பது ஓர் இதமான இடைவேளை. பூமியின் சுற்றுப்பாதையிலும் அச்சின் சாய்விலும் ஏற்படும் மெதுவான மாற்றங்கள் இந்தத் தாளத்தை அமைக்கின்றன.

இந்தப் பக்கத்தில் நான் ‘பனி உச்சம்’ என்று எழுதும் இடங்களிலெல்லாம் கடைசியாகப் பனி மிகப் பெருகியிருந்த காலத்தைக் குறிக்கிறேன். ஏறத்தாழ 26,000 முதல் 19,000 ஆண்டுகளுக்கு முன். அப்போது கனடாவின் பெரும்பகுதியையும் வட ஐரோப்பாவையும் கிலோமீட்டர் கணக்கான தடிமனுள்ள பனி அழுத்திக்கொண்டிருந்தது.

சுற்றி வளைக்காமல் ஒரே எண் சொல்லுங்கள். கடல் எத்தனை டிகிரி குளிர்ந்தது?

மேற்பரப்பு நீர், உலகச் சராசரியாக, சுமார் 3 டிகிரி செல்சியஸ். கேட்டீர்கள், சொல்லிவிட்டேன். ஆனால் இந்த ஒற்றை எண்ணை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனவர்கள்தான் மறுமுறை குழப்பத்தோடு வருகிறார்கள்.

கடல் என்பது ஒரே அண்டாவில் ஊற்றி வைத்த தண்ணீர் இல்லை. வட அட்லாண்டிக்கின் நடு அட்சப் பகுதிகளில் குளிர்ச்சி 10 டிகிரி வரை போனது. மத்தியதரைக் கடலின் மேற்குப் பாதியில் 6 டிகிரியை ஒட்டி. நமக்குக் கிழக்கே பசிபிக்கின் நிலநடுக்கோட்டு வெந்நீர்ப் பகுதியில் 3 டிகிரிக்குச் சற்றுக் குறைவு. மேலிருந்து அடி வரை கடல் முழுவதையும் சேர்த்துக் கணக்கிட்டால் ஏறத்தாழ 2.6 டிகிரி. ஆகவே யாராவது எண் சொன்னால் எந்தக் கடல், எந்த ஆழம், எந்தப் பருவம் என்று கேளுங்கள். மூன்றும் தெரியாத எண்ணால் பயனில்லை.

மூன்று டிகிரிதானா? ஏர்கோன் ரிமோட்டில் மூன்று தடவை அழுத்தினால் வந்துவிடுமே!

அறைக்காற்றைக் குளிர்விப்பதும் கடலைக் குளிர்விப்பதும் ஒன்றில்லை. ஒரு லிட்டர் நீரை ஒரு டிகிரி மாற்றத் தேவைப்படும் வெப்பத்தைக் கொண்டு அதே அளவு காற்றை மூவாயிரம் டிகிரிக்கும் மேல் மாற்றலாம். சராசரியாக 3,700 மீட்டர் ஆழமுள்ள கடல் அத்தனையும் 2.6 டிகிரி இறங்கியதென்றால் எவ்வளவு வெப்பம் வெளியேறியிருக்க வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள்.

கடலுயிர்களைக் கேட்டால் ஒரு டிகிரியே பெரிது என்று சொல்லும். சிங்கப்பூரின் தென் தீவுகளைச் சுற்றியுள்ள பவளங்கள் 1998, 2010, 2016, 2024 ஆண்டுகளில் வெளுத்துப் போயின. கோடையின் வழக்கமான உச்சத்தைவிடக் கடல் ஒரு டிகிரி அதிகமாகச் சில வாரங்கள் நீடித்தாலே பவளம் தன்னுள் வாழும் பாசியை வெளியே தள்ளிவிடும்.

அந்தக் காலத்தில் வெப்பமானியே கிடையாது. பிறகு எப்படி இவ்வளவு துல்லியமாகச் சொல்கிறார்கள்?

சேற்றிலிருந்துதான். நான் சம்பளம் வாங்கியதும் சேற்றிலிருந்துதான் என்பதால் இதில் எனக்குச் சற்றுப் பெருமை உண்டு. ஆழ்கடலின் தரையில் ஆயிரம் ஆண்டுகளுக்குச் சில சென்டிமீட்டர் என்ற கணக்கில் வண்டல் படிகிறது. நீளமான குழாயை இறக்கி அதை உருவி எடுத்தால், மேலே இன்று, கீழே பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன். அந்த வண்டலில் ஃபொராமினிஃபெரா என்ற ஒருசெல் உயிரிகளின் சுண்ண ஓடுகள் கோடிக்கணக்கில் கிடக்கும். ரவையை உருப்பெருக்கியில் பார்ப்பதுபோல் இருக்கும். குளிர்ந்த நீரில் வாழும் இனம் எது, வெதுவெதுப்பை விரும்பும் இனம் எது என்று தெரியும். எண்ணிப் பார்ப்பது முதல் வழி.

இரண்டாவது வழி, ஓட்டின் வேதியியல். ஓடு கட்டும்போது நீர் எவ்வளவு வெதுவெதுப்போ அந்த அளவுக்கு அதிக மக்னீசியம் கால்சியத்தின் இடத்தில் ஏறிவிடும். டிகிரிக்குச் சுமார் 9 விழுக்காடு. ஓட்டில் உள்ள கன ஆக்சிஜனின் (ஆக்சிஜனிலேயே எடை கூடிய வகை) பங்கும் வெப்பத்தைச் சொல்லும், ஆனால் அதில் ஒரு வில்லங்கம் இருக்கிறது. அடுத்த கேள்வியில் வருகிறது. மூன்றாவது, ஒருவகை நுண்பாசி விட்டுச்செல்லும் ஆல்கினோன் என்ற கொழுப்பு. நீரின் வெப்பத்துக்கு ஏற்ப அந்தக் கொழுப்பின் அமைப்பு மாறும். நம் பக்கத்துக் கடல்களுக்கு இது அவ்வளவாக உதவாது. 28, 29 டிகிரியைத் தொட்டதும் அந்த அளவுகோல் முட்டிக்கொண்டு நின்றுவிடும்.

எனக்கு மிகப் பிடித்தது நான்காவது வழி. அண்டார்க்டிகாவின் பனிக்குள் அகப்பட்ட பழங்காற்றுக் குமிழிகளில் கிரிப்டான், செனான் வாயுக்களை அளப்பது. குளிர்ந்த கடல் அவற்றை அதிகம் கரைத்து வைத்துக்கொள்ளும். காற்றில் அந்த அளவுக்குக் குறையும். முழுக் கடலுக்கும் 2.6 டிகிரி என்று மேலே சொன்னேனே, அது 2018இல் இந்த வழியில் கிடைத்த எண். கடலைத் தொடாமலேயே கடலின் காய்ச்சலைப் பார்த்திருக்கிறார்கள்.

ஆக்சிஜன் கணக்கு வெப்பத்தைக் காட்டுகிறதா, பனியின் அளவைக் காட்டுகிறதா? இரண்டு விதமாகவும் படித்திருக்கிறேன்.

இரண்டையும் கலந்து காட்டுகிறது. மேலே சொன்ன வில்லங்கம் இதுதான். கன ஆக்சிஜன் கொண்ட நீர் சோம்பேறி, ஆவியாகத் தயங்கும். லேசான நீர் ஆவியாகிப் பனியாக நிலத்தில் பெய்து அங்கேயே மாட்டிக்கொண்டால், கடலில் கன ஆக்சிஜனின் பங்கு கூடும். கடல் குளிர்ந்தாலும் ஓட்டில் கன ஆக்சிஜன் கூடும். ஒரே பக்கம் இழுக்கும் இரண்டு மாடுகள்.

1955இல் செசாரே எமிலியானி கரீபியன் கடல் வண்டலை அளந்து, மாற்றத்தின் பெரும்பங்கை வெப்பத்தின் கணக்கில் எழுதினார். 1967இல் நிக்கலஸ் ஷேக்கல்டன் கடலடியில் வாழ்ந்த ஓடுகளை எடுத்துப் பார்த்தார். அடியிலும் மேற்பரப்பிலும் மாற்றம் ஏறத்தாழ ஒரே அளவு. அடிநீர் இன்றைக்கே உறைநிலையை ஒட்டி இருக்கிறது. அது மேலும் ஐந்தாறு டிகிரி இறங்க இடமில்லை. ஆகவே பெரும்பங்கு பனியுடையது என்றார். அவர் சொன்னதே நின்றது. இன்று மக்னீசியத்திலிருந்து வெப்பத்தைத் தனியாக அறிந்து கழித்துவிட்டு, மிச்சத்தைப் பனிக்கு எழுதுகிறார்கள்.

ஆய்வாளர்களே இதில் ஒத்துப்போகவில்லையாமே? பிறகு நாங்கள் எதை நம்புவது?

சண்டை நடந்தது உண்மை. நம்முடைய வெப்பமண்டலத்தைப் பற்றித்தான் நடந்தது. 1970களில் கிளைமேப் என்ற பெருந்திட்டம் ஓடுகளின் இனங்களை எண்ணிப் பனி உச்சக் கடலின் வரைபடத்தை உருவாக்கியது. 1976இல் வெளியான அதில் வெப்பமண்டலக் கடல் 2 டிகிரிகூடக் குளிரவில்லை. பசிபிக்கின் சில பகுதிகள் இன்றைவிட வெப்பம் என்றுகூட இருந்தது. ஆனால் நிலத்தில் நிலைமை வேறு. வெப்பமண்டல மலைகளில் பனிக்கோடு, அதாவது ஆண்டு முழுவதும் பனி தங்கும் எல்லை, ஏறத்தாழ 900 மீட்டர் கீழே இறங்கியிருந்தது. மலையுச்சி ஐந்து டிகிரி குளிர்ந்திருக்க, அடிவாரக் கடல் சும்மா இருந்தது என்றால் யார் ஒப்புக்கொள்வார்?

1994இல் பார்படோஸ் தீவின் பழைய பவளங்களில், நீரின் வெப்பத்தைக் காட்டும் ஸ்ட்ரான்சியம் என்ற தனிமத்தை அளந்தவர்கள் 5 டிகிரி என்றார்கள். தராசு மறுபக்கம் சாய்ந்தது. 2009இல் மார்கோ என்ற கூட்டுமுயற்சி எல்லா வழிகளையும் திரட்டி, வெப்பமண்டலத்துக்கு 1.7 டிகிரி என்றது. 2020இல் ஜெசிகா டியர்னியும் குழுவும் வண்டல் தரவுகளையும் கணினி மாதிரிகளையும் பிணைத்துப் பார்த்தபோது உலகக் கடல் மேற்பரப்புக்கு 3 டிகிரியை ஒட்டியும், நிலமும் கடலும் சேர்ந்த சராசரிக்கு 6 டிகிரியை ஒட்டியும் வந்தது. அதன் பிறகும் நிலம் சேர்ந்த சராசரி நாலரைதான் என்று வாதிடும் ஆய்வு வந்திருக்கிறது.

எதை நம்புவது? 1976இன் ‘குளிரவே இல்லை’ போய்விட்டது. 5 டிகிரி என்பது சில இடங்களுக்குப் பொருந்தலாம், எல்லா இடத்துக்கும் இல்லை. இரண்டுக்கும் நடுவில், மூன்றைச் சுற்றி, வாதம் சுருங்கிவிட்டது. முதலில் எண்ணியவர்களைக் கேலி செய்யாதீர்கள். அவர்கள் வரைபடம் போட்டதால்தான் தவறைக் கண்டுபிடிக்க முடிந்தது.

ஆழ்கடல் குளிர்ந்தபோது உறைந்து போகவில்லையா?

இல்லை, உப்பு காப்பாற்றியது. கடல்நீர் சுமார் மைனஸ் 1.9 டிகிரியில்தான் உறையும். பனி உச்சத்தில் ஆழ்கடல் நீர் பல இடங்களில் மைனஸ் ஒன்றைத் தாண்டி, உறைநிலையை உரசிக்கொண்டு நின்றது. கடலடி வண்டலின் துளைகளில் சிக்கியிருக்கும் அன்றைய நீரையே பிழிந்து அளந்து 2002இல் இதைக் காட்டினார்கள்.

நிலத்தில் பனியாகத் தேங்கியது நன்னீர். உப்பு முழுவதும் கடலிலேயே தங்கியது. கிலோவுக்கு 35 கிராம் என்பது சராசரியாக 36 ஆனது. நாக்குக்கு வேறுபாடு தெரியாது. ஆனால் அண்டார்க்டிகாவைச் சுற்றிய ஆழநீர் 37 கிராம் வரை போய், கனத்து, அடியில் படுத்துக்கொண்டது. கரியமில வாயுவையும் தன்னோடு பூட்டி வைத்துக்கொண்டது. காற்றில் அன்று கரியமில வாயு பத்து லட்சத்தில் 190 பங்குக்குள் இருந்ததற்கு இந்தப் படுத்துக்கிடந்த நீரும் ஒரு காரணம்.

சிங்கப்பூரைச் சுற்றியிருந்த கடல் அப்போது எவ்வளவு வெப்பமாக இருந்தது?

நல்ல பொறி வைக்கும் கேள்வி. இங்கே கடலே இல்லை. நீர்மட்டம் 120 மீட்டருக்கும் கீழே இறங்கியிருந்தது. நம்மைச் சுற்றியுள்ள கடலோ பெரும்பாலும் சில பத்து மீட்டர் ஆழம்தான். மலாயா, சுமத்ரா, ஜாவா, போர்னியோ எல்லாம் சுண்டா நிலம் என்ற ஒரே தரையாக இருந்தன. புக்கிட் தீமா உள்நாட்டுக் குன்று. படகு இல்லாமல் ஜாவாவுக்கு நடக்கலாம், ஆறுகளைக் கடக்கத் தெரிந்தால்.

நமக்கு வடகிழக்கே இருந்தது தென் சீனக் கடல். அதன் தெற்கு வாசல் அடைபட்டதால் அது ஒரு பெரிய விரிகுடாவாகச் சுருங்கியது. தெற்கிலிருந்து வெந்நீர் வந்து கலக்க வழியில்லை. குளிர்காலத்தில் வடக்கிலிருந்து வறண்ட காற்று வலுவாக அடித்தது. அதனால் வடபகுதி, குறிப்பாகக் குளிர்காலத்தில், தெற்கைவிட அதிகம் குளிர்ந்தது. ‘எந்தப் பருவம்’ என்று கேட்கச் சொன்னது இதற்காகத்தான்.

அதற்கு இங்கே சாட்சி ஏதாவது இருக்கிறதா? கதை மாதிரி இருக்கிறது.

என் மேசை மேலேயே இருந்தது. கல்லாங் பக்கம் துளையிட்டால் முதலில் சாம்பல் நிறக் கடல் களிமண் வரும். விரலால் அழுத்தினால் வெண்ணெய்போல் அமுங்கும். சில பத்து ஆண்டுகளாக எம்ஆர்டி சுரங்கம் தோண்டியவர்களைத் தூங்கவிடாத மண் அது. அதற்குக் கீழே திடீரென்று சில மீட்டருக்குக் கெட்டியான, செம்மஞ்சள் திட்டுகள் கொண்ட மண். அதற்கும் கீழே மீண்டும் சாம்பல் நிறக் களிமண். வேலைக்குச் சேர்ந்த புதிதில், குழாயை யாரோ மாற்றி அடுக்கிவிட்டார்கள் என்று நினைத்து லேபிளைத் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன்.

கீழ்க் களிமண் முந்தைய வெப்ப இடைவேளையில், சுமார் 1,20,000 ஆண்டுகளுக்கு முன், கடல் இங்கே இருந்தபோது படிந்தது என்று கருதப்படுகிறது. பிறகு கடல் போய்விட்டது. அந்தக் களிமண்ணின் மேல்பகுதி ஆயிரக்கணக்கான ஆண்டுகள் வெயிலில் காய்ந்து, அதிலிருந்த இரும்பு துருப்பிடித்து, கெட்டியானது. மேல்களிமண் கடல் திரும்பி வந்த பிறகு படிந்தது. நடுவில் உள்ள கெட்டி அடுக்குதான் பனியுகம். பனியே பார்க்காத ஊரில் பனியுகத்தைக் கையில் பிடித்துப் பார்க்கலாம்.

கடல் மெதுவாகத் திரும்பியதா, திடீரென்று வந்ததா?

பெரும்பாலும் மெதுவாக, இடையிடையே பாய்ச்சலாக. பெரிய பாய்ச்சலின் நல்ல பதிவு ஒன்று நம் சுண்டாத் திட்டிலேயே கிடைத்தது. மூழ்கிய கரையோரச் சதுப்புகளின் மண்ணைக் காலக்கணக்கிட்டு 2000ஆம் ஆண்டில் வெளியிட்டார்கள்: சுமார் 14,600 ஆண்டுகளுக்கு முன் தொடங்கி, 300 ஆண்டுகளில் 16 மீட்டர். ஆண்டுக்கு ஐந்து சென்டிமீட்டருக்கும் மேல். இன்றைய உலகச் சராசரி ஏற்றம் ஆண்டுக்கு 4 மில்லிமீட்டரைத் தாண்டி நிற்கிறது.

மரினா பகுதி மண்ணின்படி, ஏறத்தாழ 9,500 ஆண்டுகளுக்கு முன் இங்கே நீர்மட்டம் இன்றைக்கு 20 மீட்டர் கீழே இருந்தது. பிறகு ஏறி, இன்றைய மட்டத்தையும் சில மீட்டர் தாண்டிவிட்டு மெல்ல இறங்கியது.

அப்படியானால் குமரிக்கண்டம் கடலில் மூழ்கியது உண்மைதானே?

இந்தக் கேள்வி வராத கூட்டமே கிடையாது. கேட்பவர் முகத்தில் தெரியும் ஆசையைப் பார்த்தால் ‘ஆமாம்’ என்று சொல்லிவிடத் தோன்றும். தமிழகக் கரையில் நிலம் மூழ்கியது உண்மை. பாக் நீரிணை பெரும்பாலும் 15 மீட்டருக்குள்தான் ஆழம். பனி உச்சத்தில் இலங்கையும் தமிழகமும் ஒரே நிலம். கன்னியாகுமரிக்குத் தெற்கே மீனவர்கள் நன்கறிந்த வெட்ஜ் பேங்க் திட்டும் பெருமளவு தரையாக இருந்திருக்கும்.

ஆனால் கண்டம் இல்லை. அந்தத் திட்டைத் தாண்டியதும் கடல் ஆயிரக்கணக்கான மீட்டர் ஆழத்துக்குச் சரிந்துவிடும். 120 மீட்டர் இறக்கம் அதை வெளியே கொண்டுவராது. லெமூரியா என்ற பெயரே 1864இல் பிலிப் ஸ்க்ளேட்டர் லெமூர் விலங்குகளின் பரவலை விளக்க வைத்த ஊகம். கண்டங்களே நகர்கின்றன என்று தெரிந்தபின் அந்த ஊகம் தேவைப்படவில்லை. கடற்கோள் பற்றிய பழைய நினைவுகளை நான் தள்ளவில்லை. கரையில் வாழ்ந்தவர்களுக்கு ஒரு ஊர் மூழ்கினாலே உலகம் மூழ்கியதுபோலத்தான்.

பனியுகம் முழுவதும் கடல் ஒரே சீராகக் குளிர்ந்தே இருந்ததா?

வடக்கில் இல்லவே இல்லை. கிரீன்லாந்தில் சில பத்தாண்டுகளுக்குள் 8 முதல் 15 டிகிரி வரை வெப்பம் எகிறி, பிறகு மெல்லச் சரிந்த நிகழ்வுகள் இருபதுக்கும் மேல். 1988இல் ஹார்ட்மட் ஹைன்ரிக் வட அட்லாண்டிக் வண்டலில் பொருந்தாத கரடுமுரடான கற்களைச் சுட்டிக்காட்டினார். நடுக்கடலில் கல் எப்படி வரும்? பனிமலைகள் மிதந்து வந்து உருகி, சுமந்து வந்ததைக் கொட்டியிருக்கின்றன. அந்த நன்னீர் கடலின் மேல் பரவியதும், வெப்பத்தை வடக்கே கொண்டுசெல்லும் அட்லாண்டிக் ஓட்டம் தளர்ந்தது. வடக்கு நடுங்கியது, தெற்கில் வெப்பம் தேங்கியது. ஆசியப் பருவமழையும் அப்போதெல்லாம் தளர்ந்தது.

முதலில் கடல் வெப்பமானதா, பனி உருகியதா?

நம் அண்டைக் கடலில், கடல்தான் முதல். இந்தோனேசியாவின் மக்காசார் நீரிணையின் வண்டலை ஆராய்ந்த 2003ஆம் ஆண்டு ஆய்வு, அங்கே நீர் 3.5 முதல் 4 டிகிரி ஏறியதையும், பனி உருகுவதற்கு 2,000 முதல் 3,000 ஆண்டுகள் முன்பே ஏறத் தொடங்கியதையும் காட்டியது. ஒரே ஓட்டில் மக்னீசியத்தையும் ஆக்சிஜனையும் அளந்ததால்தான் இது தெரிந்தது. இரண்டு மாடுகளையும் தனித்தனியாக அவிழ்த்துவிட்டதுபோல. கிலோமீட்டர் தடிமன் பனி உருகுவதற்கு நேரம் பிடிக்கும் என்பதால் இதில் வியப்பில்லை.

கடல் தானாகவே மூன்று டிகிரி ஏறியிருக்கிறதே. இப்போது ஏறினால் மட்டும் ஏன் இவ்வளவு பதற்றம்?

வேகத்தைப் பாருங்கள். அந்த மூன்று டிகிரி ஏற ஏறத்தாழ 10,000 ஆண்டுகள் ஆயின; நூற்றாண்டுக்குச் சராசரியாக 0.03 டிகிரி. இப்போது 1850க்குப் பிறகு கடல் மேற்பரப்பு ஏறத்தாழ 0.9 டிகிரி ஏறியிருக்கிறது, அதில் 0.6 டிகிரி 1980க்குப் பின்னர். ‘தானாகவே’ என்பதும் சரியில்லை. அன்று சுற்றுப்பாதை தொடங்கி வைத்தது, கரியமில வாயு 190இலிருந்து 280க்கு ஏறிப் பெருக்கியது. இன்று அது 420ஐத் தாண்டிவிட்டது, சுற்றுப்பாதை ஒன்றும் செய்யாமலேயே.

இன்னொன்று: அன்று கடல் குளிரிலிருந்து இதத்துக்கு வந்தது. இன்று இதத்திலிருந்து மேலே போகிறது. நம் பவளங்கள் ஏற்கெனவே தங்கள் உச்சவரம்பில் உட்கார்ந்திருக்கின்றன.

எங்கள் புளோக்குக்குக் கீழேயும் அந்தக் களிமண் இருக்கிறதா?

கல்லாங், கேலாங், மரினா பக்கம் என்றால் பெரும்பாலும் இருக்கும். தீவின் ஏறத்தாழக் கால் பங்கு அந்தப் படிவத்தின் மேல்தான் இருக்கிறது. புக்கிட் தீமாவில் கருங்கல். ஜூரோங்கில் அந்தக் களிமண்ணைவிட மிகப் பழைய பாறை. வீடு சாயுமா என்று அடுத்த கேள்வி வரும். சாயாது. தூண்கள் அந்த மெத்தென்ற மண்ணைத் துளைத்துக் கீழே உறுதியான தரையில் நிற்கின்றன.